மடுவத்துக்கு வந்த பல்கலைக்கழகக் கடிதம்

பரீட்சைக்கு நான்கு நாட்கள்தான் இருந்தன. என் அனுமதி அட்டை வரவில்லை. அந்த அட்டை இல்லாவிட்டால் மண்டபத்துக்குள் கால் வைக்க முடியாது. அந்தப் பரீட்சையை எழுதாவிட்டால் என் பட்டப்படிப்பே இல்லை.

நம் அம்மன் கோயில் திருவிழா மலருக்கு, அம்மாவின் அருளைக் கண்டவர்கள் எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். நானும் கண்டவள். கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். என் புத்தி கெட்ட வேலையும் இதில் வரும். அதையும் மறைக்கவில்லை.

என் பெயர் லெட்சுமி. ஹாலிஎல டவுனிலிருந்து மேலே ஏறி வரும் நம் தேயிலைத் தோட்டத்தில், அந்தக் காலத்தில் பிள்ளைக்காம்பராவில் வேலை. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் விட்டுவிட்டுப் போகும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வேன். உயர்தர வகுப்பு வரை படித்துவிட்டுத் தொட்டில் ஆட்டுகிறாளே என்று சிலர் சொன்னது காதில் விழும். அந்த ரோசத்தில்தான் தொலைக்கல்வியில் பட்டப்படிப்புக்குப் பதிந்தேன். தமிழ் மொழியிலேயே படிக்கலாம், வேலையை விட வேண்டாம், மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை பதுளைக்கு வகுப்புக்கு வந்தால் போதும் என்றார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்தால் இன்றைக்கும் ஒரு ஏக்கம் வருகிறது. முதல் பஸ்ஸைப் பிடிக்க பனியில் நடப்பேன். சேலைக் கரை முழங்கால் வரைக்கும் நனைந்துவிடும். பதுளை போய்ச் சேரும்போது அது காய்ந்திருக்கும். வகுப்பில் என் பக்கத்து இடம் ரிஸ்வானாவுடையது. பதுளை டவுனில் துணிக்கடை வைத்திருப்பவரின் மகள். என்னுடைய ரொட்டியும் கட்டச்சம்பலும் அவளுக்குப் போகும், அவள் கொண்டுவரும் வட்டிலப்பம் எனக்கு வரும். வட்டிலப்பம் இருக்கும் நாட்களில் பிற்பகல் வகுப்பில் விரிவுரையாளர் என்ன சொன்னார் என்று இருவருக்குமே தெரியாது. வீட்டில் எழுதி அனுப்ப வேண்டிய ஒப்படைகளை நான் குழந்தைகள் தூங்கும் நேரத்தில் எழுதுவேன். ஒருமுறை ஒரு குட்டி எழுந்து வந்து ஒப்படையின் முதல் பக்கத்தில் பாலைக் கொட்டிவிட்டது. திரும்ப எழுத நேரமில்லை. அப்படியே காயவைத்து அனுப்பினேன். விரிவுரையாளர் புள்ளி குறைக்கவில்லை, நல்ல மனிதர்.

தொலைக்கல்வி என்றால் வீட்டிலிருந்து சும்மா படிக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். விதிகள் ஒன்றும் சும்மா இல்லை. ஒப்படைகளில் குறித்த புள்ளி எடுத்தால்தான் இறுதிப் பரீட்சைக்குத் தகுதி. வகுப்புக்கு இத்தனை நாள் வந்திருக்க வேண்டும். பரீட்சைக்கு வராமல் விட்டால் அதுவும் ஒரு தடவையாகக் கணக்கு. எல்லாவற்றுக்கும் மேலே, பதிந்த நாளிலிருந்து இத்தனை வருடத்துக்குள் முடிக்க வேண்டும் என்று ஓர் எல்லை உண்டு. என் மகள் பிறந்தபோது ஒரு வருடம் விட்டேன். என்னைப் பெற்ற அம்மா படுக்கையில் விழுந்தபோது இன்னொரு வருடம் விட்டேன். அதனால் அந்த வருடம் எனக்குக் கடைசி வருடம். பாக்கி ஒரே ஒரு பாடம்.

இனி என் புத்தி கெட்ட வேலை. அதுவரை அட்டையை வகுப்பிலேயே தந்தார்கள்; அந்தக் கடைசி வருடப் பதிவுப் படிவத்தில்தான் தபால் முகவரி கேட்டிருந்தார்கள். ரிஸ்வானா அன்றைக்கே சொன்னாள், "லெச்சுமி, எங்கட கட விலாசத்தப் போடுங்க. தோட்டத்துக்குப் போற கடிதம் எங்க போகுமெண்டு ஆருக்குத் தெரியும்?"

நான் கேட்கவில்லை. ஏன் தெரியுமா? நம் தோட்டத்தில் அப்போது நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்துக்குத் தபால் வராது. கடிதமெல்லாம் தோட்டத்து ஆபிசுக்கு வரும். அங்கிருந்து கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு வரும். கணக்கப்பிள்ளை தராசுக்குப் பக்கத்தில் நின்று பெயரைக் கூப்பிட்டுக் கொடுப்பார். தொட்டில் ஆட்டுகிறாள் என்று சொன்ன வாய்களெல்லாம் கூடையோடு வரிசையில் நிற்கும் இடம் அது. அங்கே என் பெயருக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வர வேண்டும், எல்லோரும் கேட்க வேண்டும் என்ற ஆசை. அதனால் லெட்சுமி, தோட்டத்தின் பெயர், ஹாலிஎல என்று மட்டும் எழுதிவிட்டேன். அப்பா பெயரின் முதலெழுத்தைப் போட்டேன். தோட்டத்தின் எந்த டிவிசன் என்றும் போடவில்லை, லய நம்பரும் போடவில்லை. நம் தோட்டத்தில் எத்தனை லெட்சுமி இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கு மட்டும் அன்றைக்குத் தெரியவில்லை.

பரீட்சை வாரத்துச் செவ்வாய்க்கிழமை பகல் ரிஸ்வானாவிடமிருந்து போன். "சனிக்கெழம எத்தன மணி பஸ்ல வாறீங்க? மண்டபம் மாத்தியிருக்கு, அட்டையில பாத்தீங்க தானே?"

தோட்டத்துத் தபால் எப்போதும் தாமதம்தானே, வரும் என்று நான் பாட்டுக்கு இருந்தேன். உடனே பல்கலைக்கழகத்துக்குப் போன் எடுத்தேன். அட்டை மூன்று வாரத்துக்கு முன்பே தபாலில் போட்டாயிற்று என்றார்கள். பிரதி வேண்டுமானால் பரீட்சைக்கு ஏழு நாளுக்கு முன்பே எழுத்தில் கேட்டிருக்க வேண்டுமாம். மரியாதையாகத்தான் பேசினார்கள். ஆனாலும் கதவைச் சாத்தியது சாத்தியதுதான்.

என் வீட்டுக்காரர், "விடு லெட்சுமி, அடுத்த வருசம் எழுதிக்கலாம்" என்றார். அடுத்த வருடம் என்று ஒன்று எனக்கு இல்லை.

புதன்கிழமை ஆபிசுக்கு ஓடினேன். வந்ததெல்லாம் மடுவத்துக்கு அனுப்பியாச்சு என்றார் கிளாக்கர். மடுவத்தில் புதுக் கணக்கப்பிள்ளை நின்றார். பழையவர் இரண்டு வாரத்துக்கு முன்புதான் மொனராகலைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக்கு மாறிப் போயிருந்தார். அவர் நம்பரைத் தேடி வாங்கினேன். எடுக்கவேயில்லை. பிறகு லயம் லயமாக ஏறி ஒவ்வொரு லெட்சுமியையும் கேட்டேன். கீழ் டிவிசன் லெட்சுமி அக்காவையும் கேட்டேன். கொழுந்து பறிப்பவர், கணவர் இல்லை, எழுதப் படிக்கத் தெரியாது. மண் சரியும் என்று அதிகாரிகள் அடையாளம் போட்டுவிட்டுப் போன லயத்தில், வேறு வீடு தருவார்கள் என்று காத்திருப்பவர்.

"அக்கா, ஒங்களுக்குப் பரீட்ச அட்ட ஏதும் வந்துச்சா?"

"எனக்கெங்க தாயி பரீட்ச அட்ட வரப்போவுது?" என்று சிரித்தார். அவர் பொய் சொல்லவில்லை. அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வியாழக்கிழமை வேலை முடிந்து நேராகக் கோயிலுக்குப் போனேன். கும்பிடப் போகவில்லை, சண்டை போடப் போனேன். இத்தனை வருடம் பனியில் நடந்தேனே, பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு ஒப்படை எழுதினேனே, ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து சேர்க்க உன்னால் முடியாதா என்று கேட்டேன். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். கடைசியில் அழுகைதான் மிச்சம். அம்மா, நான் மடுவத்தில் பேர் வாங்க ஆசைப்பட்டது தப்பு, அந்த ஆசையை விட்டுவிட்டேன், அட்டையை மட்டும் கொடு என்று தரையில் நெற்றியை வைத்துக் கிடந்தேன். பூசாரி அண்ணன் பார்த்துவிட்டுத் திருநீறு கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை பின்னேரப் பூசைக்கு மகளைத் தூக்கிக்கொண்டு போனேன். நம்பிக்கையோடு போனேன் என்று எழுத ஆசைதான். ஆனால் இல்லை. வீட்டில் இருக்க முடியாமல் போனேன். தீபாராதனை முடிந்தது. பூசாரி அண்ணன் உள்ளே போய், அம்மாவின் காலடியிலிருந்து மஞ்சள் துணியில் முடிந்த ஏதோ ஒன்றை எடுத்து வந்தார். கூட்டத்திலிருந்து லெட்சுமி அக்கா முன்னால் வந்து இரண்டு கையையும் ஏந்தி வாங்கிக்கொண்டார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு சுற்றிப் பார்த்து என்னிடம் வந்தார்.

"தாயி, நீ படிச்சவ. ஒன் கையால பிரிச்சு வாசி. வீட்டுக் கடுதாசி. வந்து மூணு வாரமாச்சு. மூணு வெள்ளி அம்மா காலடியில இருக்கட்டும், அதுக்கப்புறந்தான் பிரிக்கிறதுன்னு நேந்துக்கிட்டேன். யாருகிட்டயும் மூச்சு விடல, கண்ணு பட்டுரும்னு."

துணியை அவிழ்த்தேன். நீளமான பழுப்பு உறை. ஒரு மூலையில் முத்திரை. அதன் மேல் குங்குமம் கொட்டியிருந்தது. குங்குமத்தைத் தட்டியபோது என் அப்பா பெயரின் முதலெழுத்தும் என் பெயரும் தெரிந்தன.

நான் தேடி அலைந்த அட்டை அத்தனை நாளும் அம்மாவின் காலடியில் இருந்திருக்கிறது. நான் சண்டை போட்டபோதும் அங்கேதான் இருந்தது. என் நெற்றிக்கும் அதற்கும் நாலு முழம் தூரம்கூட இல்லை.

மடுவத்தில் பழைய கணக்கப்பிள்ளை லெட்சுமி என்று கூப்பிட்டிருக்கிறார். வரிசையில் நின்ற லெட்சுமி அக்கா கையை நீட்டியிருக்கிறார். அரசாங்கக் கடிதம் போல முத்திரை போட்ட பழுப்பு உறை. சரியப்போகும் லயத்தில் இருக்கும் ஒருத்திக்கு அது வேறு என்ன கடிதமாக இருக்க முடியும்?

சந்தோசத்தில் கத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எத்தனாம் நம்பரு வீடு தாயி?"

என் வாழ்க்கையில் அதைவிடக் கஷ்டமான கேள்வி எந்தப் பரீட்சைத் தாளிலும் வந்ததில்லை. உறையைப் பிரிக்காமலே சொன்னேன், "அக்கா, இது வீட்டுக் கடுதாசி இல்ல. நான் தேடிக்கிட்டு வந்தேனே, அந்தப் பரீட்ச அட்ட. எனக்கு வந்தது." சொல்லிவிட்டு அழுதுவிட்டேன். எனக்காக அழுதேனா அவருக்காக அழுதேனா என்று இன்றைக்கும் தெரியாது.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். பிறகு உறையில் ஒட்டியிருந்த குங்குமத்தைத் தொட்டு என் நெற்றியில் வைத்தார்.

"அப்ப மூணு வாரமா நான் ஒனக்குத்தான் வேண்டியிருக்கேன். போ தாயி. போய் எழுது."

அட்டையில் என் கையொப்பத்தைச் சமாதான நீதவான் ஒருவர் உறுதிப்படுத்த வேண்டும். பாடசாலை அதிபர் சமாதான நீதவான்தான். குழந்தையோடு அவர் வீட்டுக்கு ஓடினேன். குங்குமக் கறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முத்திரையைக் குத்தினார். சனிக்கிழமை முதல் பஸ்ஸில் பதுளைக்குப் போனேன். ரிஸ்வானா வாசலில் நின்று என் கையைப் பிடித்து மாற்றிய மண்டபத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். அட்டையைச் சரிபார்த்த அம்மையார் விரலில் ஒட்டிய சிவப்பைத் துடைத்துக்கொண்டு என்னை உள்ளே விட்டார்.

நான் சித்தியடைந்தேன். இப்போது நம் பாடசாலையிலேயே ஆசிரியை. தோட்டத்துப் பிள்ளைகள் தொலைக்கல்விக்குப் பதிய வந்தால், நானே கூட இருந்து படிவம் நிரப்பிக் கொடுக்கிறேன். டிவிசன், லய நம்பர், இரண்டு தொலைபேசி எண், முழுப் பெயர் எல்லாம் இருக்க வேண்டும். அனுப்பியதற்குப் பற்றுச்சீட்டு இருக்க வேண்டும். அட்டை வரவில்லையென்றால் பத்து நாளுக்கு முன்பே கேட்க வேண்டும். இப்போது எல்லாம் போனிலேயே வந்துவிடுகிறது டீச்சர் என்று பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்த ஈரச் சேலையும் ரொட்டிப் பொட்டலமும் அவர்களுக்குக் கிடைக்காது என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அம்மா என் வேண்டுதலைக் கேட்டாள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் வேண்டியது ஒரே ஒரு நாள், அதுவும் திட்டிக்கொண்டு. அந்தக் கடிதத்துக்காக மூன்று வாரம் ஒரு வார்த்தை மாறாமல் வேண்டியவர் லெட்சுமி அக்கா. அவருடைய வேண்டுதலில்தான் நான் பாஸானேன். இதுதான் என் சாட்சி.

அக்காவின் வீட்டு விண்ணப்பத்தை ஒவ்வொரு வருடமும் நான்தான் எழுதுகிறேன். வீட்டுக் கடிதம் இன்னும் வரவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் நான் எனக்கென்று எதையும் கேட்பதில்லை, அதைத்தான் கேட்கிறேன். இதை வாசிக்கிறவர்களே, உங்கள் குறையை அம்மாவிடம் தைரியமாகச் சொல்லுங்கள், சண்டையும் போடுங்கள், அவள் கோபிக்க மாட்டாள். எழுந்து வருவதற்கு முன்னால் ஒரு பேரையும் சேர்த்துச் சொல்லுங்கள். கீழ் டிவிசன், மூன்றாம் லயம், லெட்சுமி. இந்த முறை முகவரியைச் சரியாக எழுதியிருக்கிறேன்.