பரணில் ஏறிய செருப்பு

சேதுக் கரையில் மணலையே திருமேனியாக ஏற்று அமர்ந்த பெருமானே, எழுதும் கை பாதியில் நின்றுவிடாமல் காப்பாய். உன்னைப் பாடிய வாயால் நான் சொன்ன ஒரு சொல்லை இன்றைக்காவது மறைக்காமல் எழுத அருள்வாய்.

இன்று தை அமாவாசை. அக்னி தீர்த்தத்தில் விடியுமுன்பே கூட்டம் இறங்கிவிட்டது. நான் போகவில்லை. சென்ற வாரம் மருத்துவமனையில் கொடுத்த கறுப்புச் செருப்பு என் காலடியில் கிடக்கிறது. மெத்தென்ற ரப்பர் அடி; குதிகாலைச் சுற்றி ஒட்டிக்கொள்ளும் பட்டை. எனக்குச் சர்க்கரை வந்து இரண்டாண்டு ஆகிறது. வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் என் தங்கையும் இதே செருப்போடு இதே எச்சரிக்கையைக் கேட்டு வந்தாள். அவளுடைய செருப்பை நான் எடுத்துப் பரணில் வைத்தேன்.

கடலாடிப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள் அவள். கணவர் மறைந்தபின் இராமேசுவரத்தில் என் வீட்டுக்கு வந்துவிட்டாள். பதினைந்து ஆண்டுச் சர்க்கரை. காலையும் மாலையும் தானே வயிற்றில் ஊசி போட்டுக்கொள்வாள். போடும்போது ஏதாவது கேலி பேசுவாள். "சாமிக்குப் படைச்ச அதிரசத்துல பாதி தின்னேன் அண்ணே. மீதிப் பாதிக்குச் சாமிதான் ஊசி போட்டுக்கிறணும்" என்பாள்.

தமிழாசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நான், வெள்ளிதோறும் ஒரு மண்டபத்தில் திருப்பாடல்களுக்குப் பொருள் சொல்லி வந்தேன். நோய் முதலில் மனத்தில்தான் முளைக்கிறது, மனம் உருகினால் உடல் தானே இளகும், உயிர் இறைவனோடு ஒன்றினால் எந்தப் பிணியும் நில்லாது என்றெல்லாம் பேசினேன். நோயாளிகள் நிறையப் பேர் வந்தார்கள். பாடக் கேட்டு மூச்சு சீரானவர்களையும், பல நாளுக்குப் பின் உறங்கியவர்களையும் கண்ணால் கண்டிருக்கிறேன். அது பொய்யன்று. ஆனால் அவ்வளவில் எனக்கு நிறைவு வரவில்லை. என் சொல்லுக்குச் சாட்சியாக ஓர் உடம்பு வேண்டியிருந்தது. அது என் வீட்டிலேயே இருந்தது.

நாற்பத்தெட்டு நாள் விரதம் குறித்தேன். விடியலில் கடலில் மூழ்கி, ஈரப் புடவையோடு மூன்றாம் பிராகாரத்தைப் பாடியபடி சுற்ற வேண்டும். ஒரு வேளை உணவு. ஊசி கிடையாது. சந்நிதித் தெருவிலும் கோயிலிலும் வெறுமையாய் நடக்கும் கால் வீட்டில் மட்டும் செருப்புப் போடுவதா என்று கேட்டு, அதையும் பரணில் ஏற்றினேன். அவள் அண்ணாந்து பார்த்துச் சிரித்தாள்.

"சாமி செருப்பத் தம்பி சிம்மாசனத்துல வச்சாராம். எங்கண்ணன் என் செருப்பப் பரணுல வச்சிருக்காக. நானும் சாமி ஆயிட்டேன் போல."

இருபத்தோராம் நாள் பிராகாரத்தில் அவளுக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தேன். ஈரக் கல்லில் அவள் வலது அடி பதிந்த இடமெல்லாம் சிவந்திருந்தது. நிறுத்திப் பார்த்தேன். கடற்கரையில் மிதித்த சிப்பியோட்டின் துண்டு உள்ளங்காலில் புதைந்திருந்தது. வலிக்கவில்லையா என்றேன். "இல்லையே அண்ணே" என்றாள். பாதம் எரிகிறது என்று ஆண்டுக்கணக்கில் அழுதவள் அவள். எனக்கு மெய்சிலிர்த்தது. அருள் இறங்கிவிட்டது என்று அந்தக் கல்லிலேயே விழுந்து வணங்கினேன். ஓட்டைப் பிடுங்கி, திருநீறு வைத்துக் கட்டினேன்.

அந்த வெள்ளிக்கிழமை அவளை மண்டபத்தில் எழுந்து நிற்கச் சொன்னேன். "கால்வலி எங்கே போயிற்று, சொல்லு தாயி."

அவள் கூச்சத்தோடு நெளிந்தாள். "தெரியல அண்ணே. காலு இருக்கா இல்லையான்னே தெரியல."

கூட்டம் மகிழ்ந்து சிரித்தது. பெண்கள் கைகூப்பினார்கள். நான் அடுத்த பாடலைத் தொடங்கினேன்.

முப்பதாம் நாளுக்குள் புண் கறுத்தது. சாம்பிராணி போட்டும் வீட்டில் நாற்றம் அடங்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று அவள் ஒரேயொரு முறை கேட்டாள். அப்போதுதான் அந்தச் சொல்லைச் சொன்னேன். "உன் மனத்தில் இன்னும் ஏதோ அழுக்கு இருக்கிறது, தாயி. அதனால்தான் ஆறவில்லை."

"அப்படியா அண்ணே?" என்றாள். அதற்குப் பிறகு அவள் கேலி பேசவே இல்லை.

காய்ச்சலில் நினைவு தப்பிய அன்றுதான் இராமநாதபுரத்துக்குக் கொண்டு போனேன். முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். கட்டு மாற்ற வந்த செவிலி தங்கச்சிமடத்துக்காரி. என் மகள் வயது. நடந்ததைக் கேட்டுவிட்டு என் முகத்துக்கு நேரே சொன்னாள்:

"வலிதான்யா காலுக்குக் காவக்காரன். சர்க்கரையில நரம்பு செத்துப்போச்சு, அதான் வலிக்கல. காவக்காரன் செத்ததுக்குப் பாட்டுப் பாடிக் கொண்டாடியிருக்கீக. படிச்ச மனுசன்தானே நீங்க?"

நஞ்சு இரத்தத்தில் கலந்துவிட்டது, இனிக் கடினம் என்று மருத்துவர் சொன்ன காலையில் தங்கை கண் விழித்தாள். போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அண்ணே, யோசிச்சுப் பாத்தேன். மாமியா படுக்கையில கெடந்தப்ப, ஒருநா கோவத்துல கஞ்சி குடுக்காம விட்டுட்டேன். அந்த அழுக்குத்தான் போல. நீங்க சொன்னது சரிதான்."

செவிலி கையில் பஞ்சோடு நின்றாள். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லை தாயி, பிழை என்னுடையது என்று சொல்ல ஒரு மூச்சு போதும். வாழ்நாளெல்லாம் சொற்களைக் கட்டி ஆண்ட எனக்கு அந்தச் சொல் வரவில்லை. நான் பாடினேன். தங்கை கண்ணை மூடிக் கேட்டாள். செவிலி பஞ்சைத் தட்டில் போட்டுவிட்டு வெளியே போனாள். அன்று மாலை தங்கை இறந்தாள், தன் மனம்தான் தன் காலைத் தின்றது என்று நம்பியபடியே.

சென்ற வாரம் எனக்குச் செருப்புக் கொடுத்த இளம் மருத்துவர் என் தோளைத் தட்டினார். "வயசாச்சுல்ல அய்யா, கணையம் களைச்சுப்போச்சு. உங்க மேல தப்பு ஒண்ணும் இல்ல." என் மனம் சுத்தமா என்று அவர் கேட்கவில்லை. யாருமே கேட்கவில்லை.

இப்போது காலையில் பாடிக்கொண்டே பாதங்களைக் கழுவித் துடைத்து, கண்ணாடியைக் கீழே பிடித்து உள்ளங்காலைப் பார்க்கிறேன், ஊசியும் போட்டுக்கொள்கிறேன். உடம்பைக் கோயில் என்று ஊருக்குச் சொன்னவன், அந்தக் கோயிலைக் கூட்டிப் பெருக்க இப்போதுதான் பழகுகிறேன். மருந்தும் பாட்டும் ஒன்றையொன்று தடுக்கவில்லை. அவளுக்கும் தடுத்திருக்காது.

இன்று பரணிலிருந்து அவள் செருப்பை இறக்கி என் செருப்பின் பக்கத்தில் வைத்தேன். ஒட்டுப்பட்டை பிரிக்கப்படவே இல்லை. அடியில் ஒரு மணல் துகளும் இல்லை.

இதைப் படிக்கும் யாவரும் நீடு வாழ்க. உங்கள் பாதங்களில் வலி உயிரோடு இருக்கட்டும். நீங்கள் நோயில் விழும்போது, உங்கள் குற்றத்தைத் தேடாத ஒருவர் தலைமாட்டில் அமரட்டும்.