சேற்றோடு ஒரு சைக்கிள்

பழவங்காடி பிள்ளையார் கோயில் வாசலில் ஞாயிறுதோறும் அவரைப் பார்ப்பேன். நரைத்த மீசை, சிராய்த்த முழங்கால். நெய்யாறு அணையைச் சுற்றியுள்ள மலைக்காட்டில் சைக்கிள் ஓட்டிவிட்டு, சக்கரமெல்லாம் சேறாக வந்து, ஒரு தேங்காய் உடைப்பார்.

ஒருநாள் மனசு கேட்காமல் சொன்னேன்: "அதோ குழாய் இருக்கு. சைக்கிளைக் கழுவிண்டு போங்கோளேன்."

"வேண்டா மாமி," என்றார் மலையாளம் கலந்த தமிழில். "இது என் மோனோட சைக்கிள். அவன் காட்டுக்குப் போய்ட்டு வந்தா அவன் அம்மைதான் கழுவுவா. அவன் இறந்தப்புறம் அவ படுத்த படுக்கைதான். இதைக் கழுவ மட்டும் எழுந்து முற்றத்துக்கு வர்றா, கேட்டோ."

அப்போது மழை தூறத் தொடங்கியது. அவர் பையிலிருந்த மழைக்கோட்டை எடுத்து, தான் போட்டுக்கொள்ளாமல் சைக்கிள்மேல் போர்த்தினார். நனைந்தபடியே அதைத் தள்ளிக்கொண்டு போனார்.

பிள்ளையாரப்பா, அவர் வீடு போய்ச் சேரும்வரை இந்த மழையைக் கொஞ்சம் நிறுத்திவை என்று வேண்டிக்கொண்டேன்.