வெளியே போக வழியில்லாத கடிதங்கள்

சென்னையில் ஆறு வருஷம் சர்வர் ரூமில் வேலை பார்த்தவள் நான். ஒரு மெஷின் தானாக ஏதோ செய்கிறது என்று யாராவது வந்து சொன்னால், லாக் எங்கே என்றுதான் முதலில் கேட்பேன். யார் எப்போது உள்ளே வந்தார், என்ன தொட்டார் என்று மெஷின் தானே எழுதி வைக்கும் குறிப்புதான் லாக். அதில் இல்லாதது நடக்கவில்லை, அவ்வளவுதான் என் கணக்கு. ஹாஸ்டலில் மற்றவர்கள் ஆவிக்கதை பேசினால் போர்வையை இழுத்துக்கொண்டு தூங்கிவிடுவேன். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், இப்போது நான் சொல்லப்போவதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்கு வருத்தமில்லை, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பமாட்டேன்.

கல்யாணமாகி அபுதாபி வந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. எலெக்ட்ரா தெருவில் ஒன்பதாவது மாடி. அவர், ஜெபராஜ், எண்ணெய் ரிக்கில் எலெக்ட்ரீஷியன், தூத்துக்குடிக்காரர். ஆறு வாரம் கடலில், மூன்று வாரம் வீட்டில். எனக்கு வேலை கிடைக்கவில்லை, கணவரின் விசாவில் இருப்பவளுக்குக் கொடுக்கத் தயங்குகிறார்களோ என்னவோ, நேர்காணலுக்குக் கூப்பிட்டு காபி கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ரிக்கில் வைஃபை பேருக்கு உண்டு. வாரத்தில் இரண்டு முறை போன் வரும், பின்னால் வரிசையில் நிற்பவர்களின் இந்தி கேட்கும், "சாப்ட்டியா, சாப்ட்டேன், சரி வச்சிருதேன்" என்பதற்குள் முடிந்துவிடும்.

அந்த முறை அவர் கிளம்பிப்போன நாலாம் நாள்தான் எனக்குத் தெரிந்தது, நான் உண்டாகியிருக்கிறேன் என்று. போனில் சொல்ல மனம் வரவில்லை. வரிசையில் நிற்கிறவர்கள் காதில் விழ அவர் என்ன பேச முடியும்? நேரில் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். கர்ப்பத்தின் எட்டாவது வாரத்தில் ஒரு காலை அது இல்லாமல் போயிற்று. டாக்ஸி பிடித்து நானேதான் ஆஸ்பத்திரி போனேன். மலையாள நர்ஸ் ஒருத்தி, "கூட ஆரும் வந்நில்லே?" என்று கேட்டாள். "அவர் கடல்ல இருக்கார்" என்றேன். "அம்மா?" என்றாள். ஊரில் என்றேன். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை, கிளம்பும்போது குனிந்து என் செருப்பை மாட்டிவிட்டாள். அவ்வளவுதான். யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதென்றால் முதலில் உண்டானதைச் சொல்ல வேண்டும், பிறகு போனதைச் சொல்ல வேண்டும், இரண்டையும் ஒரே மூச்சில் எப்படிச் சொல்வது?

கை சும்மா இருந்தால் ஆகாது என்று, அவர் கடலுக்குப் போன நாலாவது வாரம் அவருடைய பழைய டெஸ்க்டாப்பைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தேன். வீட்டிலேயே ஒரு மெயில் சர்வர் போடுவது, பிரவுசரில் திறந்து படிக்கிற மாதிரி ஒரு பக்கம் வைப்பது. வேலைக்கு மனு போடும்போது காட்டலாம் என்று சாக்கு. உண்மையில், ஒன்று உடைந்தால் ஏன் உடைந்தது என்று கண்டுபிடிக்கிற வேலை வேண்டியிருந்தது எனக்கு. மூன்று நாள் பிடித்தது. நீல நிறத்தில் முகப்புப் பக்கம், மேலே தமிழில் 'வாங்க' என்று எழுதினேன். எனக்கு ஒரு கணக்கு, அவர் பெயரில் ஒரு கணக்கு. அவருக்கு வைத்த கடவுச்சொல் எனக்கே மனப்பாடம் கிடையாது, மெஷின் தானாகத் தந்த நீளமான குப்பை எழுத்துகள்.

ஒன்றை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டு இணைப்பிலிருந்து இப்படிச் சொந்தமாக மெயில் அனுப்ப முடியவில்லை, அந்த வழி அடைத்தே இருந்தது. வெளியிலிருந்து உள்ளே வர நானும் வழி திறக்கவில்லை. நான் எழுதினால் அந்தப் பெட்டியிலிருந்து அதே பெட்டிக்குப் போகும், அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை மதியம் அவர் கணக்குக்குச் சோதனையாக ஒன்று அனுப்பினேன். வெறும் டெஸ்ட் என்று அடிக்கப் போனவள், வாஷிங் மெஷின் சத்தம் போடுகிறது, நீங்கள் வந்தால் பார்க்க வேண்டும், நாலு நாளாகச் சோறு வைக்கவில்லை, ரொட்டிதான் என்று எழுதிவிட்டேன். அரை மணி கழித்துப் பார்த்தால் அது படிக்கப்பட்டிருந்தது. ஒரு கடிதத்தை யாராவது திறந்து படித்தால் அந்தக் கோப்பின் பெயர் ஓரத்தில் எஸ் என்று ஓர் எழுத்து சேரும். சேர்ந்திருந்தது.

நான்தான் தவறிப்போய்த் திறந்திருப்பேன் என்று லாக்கைப் பார்த்தேன். இரண்டு லாக் உண்டு, கட்டடத்து வாசலில் ஒரு நோட்டு, வீட்டுக் கதவில் ஒரு நோட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக் கதவு நோட்டில் அவர் பெயர் இருந்தது, இரண்டு நாற்பதுக்கு உள்ளே வந்ததாக. வாசல் நோட்டில் அந்த நேரத்தில் யாருமே வரவில்லை. வாசல் வழியாக வராமல் கதவுக்கு எப்படி வருவது? அமைப்பில் ஏதோ தப்பு என்று மறுநாள் மதியம் வரை தேடினேன், எதுவும் கிடைக்கவில்லை. கடைசியில் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கி மேசைமேல் வைத்தேன். வைஃபை கார்டு அந்தப் பெட்டியில் கிடையாது. இனி அது சுவரில் சொருகிய ஒரு தகரப்பெட்டி, அவ்வளவுதான்.

புதன்கிழமை மதியம் மூன்று மணி இருக்கும், பள்ளிவாசலில் அஸர் பாங்கு கேட்டுக்கொண்டிருந்தது, பட்டப்பகல், ஜன்னலுக்கு வெளியே கண் கூசுகிற வெயில். அந்தப் பெட்டியின் கீபோர்டிலேயே உட்கார்ந்து இரண்டாவது கடிதம் எழுதினேன். யாரும் படிக்கப்போவதில்லை என்பதால் எல்லாவற்றையும் எழுதினேன். எட்டு வாரம் என்று எழுதினேன். செருப்பு மாட்டிவிட்ட நர்ஸை எழுதினேன். உங்கள் மேல் கோபம் என்று எழுதினேன், எதற்குக் கோபம் என்று தெரியவில்லை என்றும் எழுதினேன். அனுப்பிவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இருபது நிமிஷம் கழித்து, என் கண்ணெதிரே, எஸ் வந்து ஒட்டிக்கொண்டது.

பயந்து அலறினேன் என்று சொன்னால் உங்களுக்கு நம்ப வசதியாக இருக்கும். இல்லை. வெட்கமாக இருக்கிறது சொல்ல, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. யாரோ படித்தார்கள். யாராக இருந்தால் என்ன? திரையைக் கையால் தடவினேன். அந்தச் சந்தோஷம் எனக்கே பிடிக்காமல் போன பிறகுதான் பயம் வந்தது. மின்சார வயரைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டுப் படுத்தேன். வியாழக்கிழமை அதைத் தொடவே இல்லை. போர்வைக்குள் கிடந்தேன் என்றுதான் நினைவு.

வெள்ளிக்கிழமை மதியம் காலிங் பெல் அடித்தது. கதவைத் திறந்தால் அவர், தோளில் பை, நான்கு நாள் தாடி. ரிக்கில் இன்னும் இரண்டு வாரம் டூட்டி பாக்கி.

"லீவு சொல்லிட்டு வந்துட்டேன்" என்றார். உள்ளே வரவில்லை, அங்கேயே நின்றார். "எட்டு வாரம் ரோசி. தனியாவா போன ஆஸ்பத்திரிக்கு?"

நான் கதவின் கைப்பிடியை விடாமல் நின்றேன்.

"என்னட்ட சொல்லக்கூடாதா? வரிசையில எவன் நின்னா எனக்கென்ன?"

பைகூட இறக்கவில்லை, அப்படியே என்னைப் பிடித்துக்கொண்டார். அழுது முடிக்க ரொம்ப நேரம் ஆயிற்று, இரண்டு பேருக்கும். அந்த நேரத்தில் எப்படித் தெரியும் என்று எவள் கேட்பாள்?

பத்து நாள் கழித்துக் கேட்டேன். "நீதான மெயில் போட்ட" என்றார், நான் விளையாடுகிறேன் என்று நினைத்து. ரிக்கில் பொழுதுபோக்கு அறைக் கம்ப்யூட்டரில் படித்தாராம். போனில் அவருடைய வழக்கமான மெயிலைத் திறந்து இரண்டு பேரும் தேடினோம், எதுவும் இல்லை.

"அது இல்ல, வேற பக்கம். நீலக் கலர்ல. மேல 'வாங்க'ன்னு போட்டிருந்துதே."

அந்தப் பக்கத்தை நான் அவருக்குக் காட்டியதே இல்லை. அதற்குள் எப்படிப் போனீர்கள், கடவுச்சொல் என்ன போட்டீர்கள் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "ஒண்ணும் போடல. திறந்துதான் இருந்துது."

கேபிள் பிடுங்கியிருந்ததைச் சொன்னேன். அவர் எலெக்ட்ரீஷியன், வயர் இல்லாமல் எது ஓடும் எது ஓடாது என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர். சிரிக்கவில்லை.

"அப்ப மூணு லெட்டரும் எப்படி வந்துது?" என்றார்.

"ரெண்டுதாங்க எழுதினேன்."

"மூணு. வாஷிங் மெஷின் ஒண்ணு. ஆஸ்பத்திரி ஒண்ணு. வியாழக்கிழமை ஒண்ணு." என் முகத்தைப் பார்த்தார். பிறகு, "சரி விடு, நீ எழுதலன்னா விடு" என்று எழுந்து போய்விட்டார்.

டெஸ்க்டாப்பைத் திரும்ப உயிர்ப்பித்துப் பார்த்தேன். இரண்டு கடிதம்தான். வியாழக்கிழமைக்கு லாக்கில் ஒரு வரிகூட இல்லை, எப்படி இருக்கும், வயரே சுவரில் இல்லையே.

மூன்று வருஷம் ஆகிறது. ரிக் வேலையை விட்டுவிட்டு முசாஃபாவில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்துவிட்டார், ஆறு மணிக்கு வீட்டில் இருப்பார். எத்தனையோ முறை கெஞ்சியும் கேட்டிருக்கிறேன், சண்டை போட்டும் கேட்டிருக்கிறேன், அந்த மூன்றாவதில் என்ன இருந்தது என்று. சொல்லமாட்டார். ஆனால் துணி காயப்போட நான் அந்த ஒன்பதாவது மாடிப் பால்கனிக்குப் போனால், டிவி பார்த்துக்கொண்டிருப்பவர் அப்படியே எழுந்து வந்து என் பின்னால் நிற்பார். நான் கடைசித் துணிக்குக் கிளிப் போட்டுத் திரும்பும் வரை என் துப்பட்டாவின் முனையைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டிருப்பார்.