ரீச்சரின் பென்சில் கேள்விகள்

நான் நாலாம் வகுப்பில் படித்தபோது எங்கள் ரீச்சர் விடுமுறையில் மட்டக்களப்பு டவுனுக்குப் போய் மூன்று கிழமை ஆசிரியர் பயிற்சி எடுத்து வந்தார். சிவப்பு மையோடு போனவர் ஒரு பென்சிலோடு திரும்பினார்.

அதுவரை எங்கள் ஊரான குருக்கள்மடத்தில் எங்களுக்குக் கடிதம் எழுதுவது என்றால் கரும்பலகையைப் பார்த்து எழுதுவதுதான். 'அன்புள்ள அப்பாவுக்கு, நான் இங்கு நலம். தாங்களும் நலமாக இருக்க இறைவனை வேண்டுகிறேன். நான் நன்றாகப் படிக்கிறேன்.' அப்பாவோடு ஒரே பாயில் படுத்தெழும்பும் பிள்ளைகளும் இதைத்தான் எழுதினார்கள். உண்மையாகவே அப்பா வேறு ஊரில் இருந்தது எனக்கு மட்டும்தான். நானும் அதையே எழுதிச் சரி வாங்கினேன்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான் சேரும். கல்யாணம் முடித்த ஆண் மனைவி வீட்டுக்கு வந்துவிடுவார். அம்மா காய்ச்சலில் இறந்ததும் அந்த வீடு என்னுடையதானது. ஒன்பது வயதில் நான் வீட்டுக்காரி. என்னைப் பார்த்துக்கொள்ளச் சின்னம்மா குடும்பத்தோடு வந்து குடியேறினார். அப்பாவைப் போகச் சொன்னவர் எவருமில்லை. இருக்கச் சொன்னவரும் இல்லை. அவர் தெற்கே பெரியகல்லாற்றில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போய், வாவியில் வலை வீசிக்கொண்டிருந்தார். பஸ்ஸில் ஏறினால் அரைமணி நேரத் தூரம், ஆனாலும் எப்போதாவதுதான் வருவார். சின்னம்மா நேரத்துக்குச் சோறு போட்டார், தலை வாரிவிட்டார், ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் அவருக்கு நாலு பிள்ளைகள். அந்த வீட்டில் நான் நாள் முழுக்க வாய் திறக்காமல் இருந்தாலும் ஒருவருக்கும் தெரியாது. இருந்து பார்த்திருக்கிறேன்.

பயிற்சியிலிருந்து வந்த ரீச்சர் கரும்பலகையில் ஒன்றும் எழுதவில்லை. உங்களுக்குத் தெரிந்த ஒருவருக்கு, சொல்ல வேண்டியதை உண்மையாக எழுதுங்கள், திருத்தித் திருத்தி எழுதலாம், முடிந்ததும் தபாலில் போடுவோம் என்றார். பிள்ளைகள் முழித்தார்கள். நான் பழையபடி அப்பாவுக்கு 'நான் இங்கு நலம்' என்று எழுதிக் கொடுத்தேன். கொப்பி திரும்பி வந்தபோது ஓரத்தில் பென்சிலால் சின்னதாக எழுதியிருந்தது: 'பள்ளி விட்டதும் எங்கே போவாய்? அங்கே யார் இருப்பார்கள்?'

அம்மா போன பிறகு என்னைப் பற்றி என்னிடம் ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. தோணித்துறைக்குப் போவேன், அங்கே ஒருவரும் இருக்க மாட்டார்கள் என்று எழுதினேன். அங்கே என்ன செய்வாய் என்று அடுத்த கேள்வி வந்தது. தெற்கேயிருந்து வருகிற தோணிகளில் அப்பா இருக்கிறாரா என்று பார்ப்பேன் என்று எழுதினேன். கொஞ்ச நாளில் எனக்குச் சூட்சுமம் பிடிபட்டுவிட்டது. விஷயத்தைப் பாதியில் விட்டால் கேள்வி நிச்சயம். 'ஒருநாள் அழுதேன்' என்று எழுதிவிட்டுக் காரணத்தை வேண்டுமென்றே ஒளித்துவைப்பேன். சத்தியமாகச் சொல்கிறேன், எழுதும்போது நான் அப்பாவை நினைக்கவே இல்லை. ரீச்சருக்காகத்தான் எழுதினேன்.

கடைசியாக எழுதியதில் தாளின் இரண்டு பக்கமும் நிறைந்துவிட்டது. ஓரத்தில் ஒரு கேள்வியும் இல்லை. நல்லா வந்திருக்கு, இனிப் போதும் என்று சொல்லி ரீச்சர் அதைத் தபாலில் போட்டுவிட்டார். மற்றப் பிள்ளைகள் தங்கள் கடிதம் போகிறதென்று துள்ளினார்கள். இனிக் கேள்வி வராதே என்று எனக்கு அழுகை வந்தது. அத்தனை கேட்ட ரீச்சர், அப்பாவுக்கு வாசிக்கத் தெரியுமா என்று மட்டும் கேட்கவில்லை. அவருக்குத் தெரியாது.

நாலாம் நாள் பின்னேரம் அப்பா வாசலில் வந்து நின்றார். கடிதம் உடைக்காமல் சட்டைப்பையில் இருந்தது. அவரைப் பொறுத்தவரை தபாலில் வருவது கெட்ட செய்திதான். அதை ஊரில் யாரிடமும் வாசிக்கக் கொடுக்கவும் பயந்திருக்கிறார். சின்னம்மா தேத்தண்ணியோடு வந்து பக்கத்தில் நின்றார்.

"வாசிச்சுக் காட்டு மகள்," என்றார் அப்பா.

பிரித்தேன். முதல் வரியை மனசுக்குள் வாசித்தேன். சின்னம்மாவைப் பார்த்தேன். அப்பாவைப் பார்த்தேன். தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, "அன்புள்ள அப்பாவுக்கு, நான் இங்கு நலம்," என்று தொடங்கி, கரும்பலகைக் கடிதத்தை மனப்பாடமாகச் சொல்லி முடித்தேன். பிள்ளை நல்லாத்தான் எழுதியிருக்கு என்று சின்னம்மா உள்ளே போனார். அப்பா தாளை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"இந்தப் பக்கத்திலயும் எழுதி இரிக்கே."

"அதுவும் அதுதானப்பா."

அவர் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பஸ் வரும்வரை தெருவில் அவரோடு நின்றேன். ஏறும்போது என் தலையில் கையை வைத்தார்.

"எழுத்து வடிவா இரிக்கி மகள். நிறையச் சொல்லக் கிடந்திரிக்கி உனக்கு."

என் எழுத்தை அப்பா வடிவு என்று சொன்னதை மறுநாள் ரீச்சரிடம் சொன்னேன். மற்றதை அப்பா எதற்காகச் சொன்னார் என்று எனக்கு விளங்கவில்லை. அவரை நன்றாக ஏமாற்றிவிட்டேன் என்று நினைத்து, என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.