பன்னிரண்டு மணிச் சாப்பாடு

சோற்றுப் பானையை வடிக்கக் குனிந்தபோது தொப்புளுக்கு மேலே சுருக்கென்றது. வடித்து முடித்துவிட்டுச் சேலையை விலக்கிப் பார்த்தேன். எலுமிச்சம்பழ அளவில் ஒரு வீக்கம். விரலால் அமுக்கினால் உள்ளே போனது, இருமினால் திரும்ப வந்தது. வலி அவ்வளவாக இல்லை. கொசுவத்தைக் கொஞ்சம் இறுக்கிச் செருகிக்கொண்டு குழம்பு கூட்டப் போய்விட்டேன்.

இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் அதை மறைத்து வைத்திருந்தேன். இதைப் படிக்கிறவர்களில் யாராவது இப்போது அப்படி மறைத்துக்கொண்டிருந்தால், முதலில் போய் ஒரு டாக்டரிடம் காட்டுங்கள். மிச்சத்தைப் பிறகு படிக்கலாம்.

அறுபதுகளின் கடைசி அது. அருப்புக்கோட்டையில் எங்களுக்குப் பலசரக்குக் கடை. வீடும் கடையும் ஒரே தெருவில். என் வீட்டுக்காரர், மாமியார், நாலு பிள்ளைகள், லோடு இறக்க வருகிறவர்கள், கிராமங்களிலிருந்து வத்தலும் மல்லியும் கொண்டுவருகிறவர்கள் என்று மதியப் பந்தி மூன்று மணி வரைக்கும் ஓடும். நான் பிறந்தது பரளச்சிப் பக்கம், மழையை நம்பிக் கிடக்கிற கரிசல் காட்டில். அங்கே தினமும் கம்பங்கஞ்சி. நெல்லுச் சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான். கல்யாணமாகி வந்தபோது கையைத் தூக்கினால் வளையல் முழங்கைக்கு ஓடும். நாலாவது பிள்ளை பிறந்த பிறகு அதே வளையலைச் சோப்புப் போட்டுக் கழற்ற வேண்டியிருந்தது.

அதில் யாருக்கும் வருத்தமில்லை. "வந்தப்ப எப்படி வந்தா, இப்பப் பாருங்க" என்று மாமியார் வருகிறவர்களிடமெல்லாம் என்னைக் காட்டுவார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

ஒரு நாள் அந்த வீக்கம் உள்ளே போக மறுத்தது. கல் மாதிரி இறுகிவிட்டது. வாந்தி வேறு. மாமியார் வந்து சேலையை விலக்கிப் பார்த்தார். "ஏத்தா, இத்தன நாளா இதையா பொத்தி வச்சிருந்த?" என்று கேட்டார். வீட்டுக்காரர் கடையை அப்படியே போட்டுவிட்டு வந்தார். மூன்று பேருமாக மதுரைக்குப் பஸ் ஏறினோம். ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுத்த கொஞ்ச நேரத்தில் அது தானாக உள்ளே போய்விட்டது. வீணாக எல்லோரையும் அலைக்கழித்துவிட்டோமே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

டாக்டரம்மா என்னைவிட இளையவர். வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, "இது ஹெர்னியா" என்றார் (குடலிறக்கம், வயிற்றுச் சுவர் பலமிழந்த இடத்தில் குடல் வெளியே பிதுங்கி நிற்பது). "இன்னிக்கு உள்ள போயிருச்சு. ஒரு நாள் போகாம சிக்கிக்கிட்டா குடலுக்கு ரத்தம் ஓடாது. அழுகிரும். உயிருக்கு நான் பொறுப்புச் சொல்ல முடியாது."

"அப்ப இன்னிக்கே ஆபரேஷன் பண்ணிருங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

"இந்த உடம்போட பண்ணினா தையல் நிக்காது. மயக்க மருந்து குடுக்கிறதும் ஆபத்து. இருபது கிலோ குறைச்சிட்டு வரட்டும். அது வரைக்கும் கச்சை கட்டிக்கணும் (வீக்கத்தை அமுக்கிப் பிடிக்கிற அகலமான துணிப் பட்டை). பண்ணின பிறகும் உடம்பு ஏறக் கூடாது. ஏறினா மறுபடியும் பிதுங்கும்."

உயிர் போய்விடும் என்று சொன்னது எனக்கு உறைத்தது. கடைசிப் பிள்ளைக்கு அப்போது மூன்று வயது.

வீட்டுக்கு வந்ததும் மாமியாருக்கு வேறு கவலை. "நீ இளைச்சா ஊரு என்ன பேசும்? மாமியாகாரி சோறு போடலைன்னுதான் பேசும்" என்றார். ராத்திரி முழுக்க யோசித்திருப்பார் போல. காலையில் அவரே ஒரு வழியும் சொன்னார். வெள்ளிக்கிழமைதோறும் நான் விரதம் இருக்கிறவள். இனிமேல் எல்லா நாளும் ராத்திரிக்கு விரதம் என்று சொல்லிவிடலாம். விரதக்காரியை யாரும் சோறு சாப்பிடு என்று வற்புறுத்த மாட்டார்கள், ஏன் இளைத்தாய் என்றும் கேட்க மாட்டார்கள். அவருடைய கெட்டிக்காரத்தனத்தை நினைத்து நான் அசந்துபோனேன்.

விரதம் என்றால் சோறு கிடையாது. பலகாரம் உண்டு. இட்லி, எண்ணெயில் மிதக்கிற பணியாரம், மெதுவடை, காப்பிக்குத் தொட்டுக்கொள்ள வீட்டுக்காரர் வாங்கி வருகிற காரச்சேவு. நான் ஒரு மாதம் மிகுந்த பக்தியோடு இருந்தேன்.

என் எடையைப் பார்த்தது கடைத் தராசில்தான். மிளகாய் மூட்டை நிறுக்கிற பெரிய மேடைத் தராசு. ஞாயிற்றுக்கிழமை மதியம் கடை சாத்திய பிறகு, கதவை ஒருக்களித்துவிட்டு என்னை ஏறி நிற்கச் சொன்னார் என் வீட்டுக்காரர். எடைக் குண்டை நகர்த்தினார். திரும்ப நகர்த்தினார். தலையைச் சொறிந்துகொண்டு, "தராசுல என்னமோ கோளாறு" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. என் எடை ஏறியிருந்தது.

அடுத்த முறை மதுரைக்கு மாமியாரும் நானும் மட்டும் போனோம். டாக்டரம்மா ஆஸ்பத்திரி மெஷினில் நிறுத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"ராத்திரியில ஒரு பருக்கை தொடல டாக்டரம்மா" என்றேன்.

"அப்புறம் என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணும் சாப்பிடல. பலகாரந்தான்."

என்னென்ன பலகாரம் என்று கேட்டார். சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. ஆனால் அந்த அம்மாள் சிரிக்கவில்லை, அதற்கு இன்றைக்கும் நன்றி சொல்வேன். "பலகாரமும் சாப்பாடுதான்" என்று மட்டும் சொன்னார். பிறகு, "மதியம் எத்தனை மணிக்குச் சாப்பிடுவீங்க? எதுல போட்டுச் சாப்பிடுவீங்க?" என்று கேட்டார்.

அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு மூன்றரை மணிக்கு என்றேன். தட்டெல்லாம் எதற்கு, பானையில் மிஞ்சியதில் குழம்புச் சட்டியின் அடியை வழித்துப் போட்டுப் பிசைந்துகொள்வேன். அதற்கு முன் பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்தது. அதற்கும் முன் பசி தாங்காமல் நின்றுகொண்டே இரண்டு வாய் சேவு. அந்தக் காலத்தில் விவசாயம் பார்க்கிற சம்சாரிகள் வீட்டிலும் சரி, வியாபாரிகள் வீட்டிலும் சரி, பெண்கள் அப்படித்தான் சாப்பிட்டோம். மிஞ்சிய சோற்றைக் கொட்ட எனக்குக் கை வராது. பஞ்ச காலத்தில் என் அம்மா கஞ்சிப் பானைக்குள் தண்ணீர் விட்டு அலசி அதை எங்களுக்குக் குடிக்கக் கொடுத்ததைப் பார்த்தவள் நான்.

"நீங்க எவ்வளவு சாப்பிடுறீங்கன்னு உங்களுக்கே தெரியாது" என்றார் டாக்டரம்மா. "இனிமே பன்னெண்டு மணிக்கு முதல் ஆளா உக்காருங்க. தட்டுல ஒரு தடவை போடணும். நீங்களாப் போட்டுக்கக் கூடாது, வேற ஒருத்தர் போடணும். எந்திரிச்சா கை கழுவிரணும்."

நான் சிரித்துவிட்டேன். வீட்டு மருமகள் புருஷனுக்கு முன்னால், வந்தவர்களுக்கு முன்னால், முதல் ஆளாக உட்கார்ந்து சாப்பிடுவதா? அதற்குக் குடல் அழுகியே போகலாம் என்று தோன்றியது. மாமியார் பக்கம் திரும்பவே பயமாக இருந்தது.

பஸ் காரியாபட்டியைத் தாண்டியது. மாமியார் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "எங்க மாமியா இருந்த வரைக்கும் எனக்கும் மூணரைதான். ஒரு மணிக்கெல்லாம் வயிறு எரியும். யாருகிட்டப் போயிச் சொல்ல" என்றார்.

மறுநாள் பன்னிரண்டு மணிக்கு அடுப்படியில் பலகையைப் போட்டு, "உக்காரு" என்றார். இரண்டு கரண்டி சோறு, கீரை மசியல், பாகற்காய், மோர். சோறு ஆவி பறந்தது. கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் எனக்கு ஒருவர் உட்கார வைத்துப் பரிமாறியது அன்றுதான். பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. மாமியார் அதைக் கண்டுகொள்ளவில்லை. இன்னொரு கரண்டி கேட்டேன். "எந்திரி" என்றார். ஒரு மாதத்துக்கு முன்னால் எனக்குப் பணியாரம் சுட்டுப் போட்ட அதே மனுஷிதான்.

முதல் மாதங்கள் சுலபமாக இல்லை. மிஞ்சியதை எதிர்வீட்டு எருமைக்குக் கழுநீரில் ஊற்றும்போது ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொள்ளத் தோன்றும். அப்புறம் மாமியாரே உலையில் அரைப்படி அரிசியைக் குறைத்துவிட்டார். சேவுப் பொட்டலம் நின்றதில் பிள்ளைகளுக்கு என்மேல் கோபம். சாயங்காலம் பசிக்கும்போது, சின்ன வயதுப் பயம் முழுசாக எழுந்து வரும். இனிச் சோறே கிடைக்காதோ என்கிற பயம். அது பொய்ப் பயம், நாளைக்குப் பன்னிரண்டு மணிக்குச் சோறு வரும் என்று வயிறு நம்புவதற்குப் பல மாதம் பிடித்தது. உடம்பு இளைக்க வேண்டியவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இது ஒன்றுதான். நேரம் தவறாமல் சாப்பிடுங்கள், வயிறு மெதுவாக நம்பும்.

ஊர் பேசத்தான் செய்தது. "என்னத்தா இப்படி வத்திட்ட, வீட்டுல எதும் மனத்தாங்கலா?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள். "அவ வயித்து நோவுக்கு டாக்டரு சொன்னது. நாந்தான் அளந்து போடுறேன். வேணும்னா பன்னெண்டு மணிக்கு வந்து பாரு" என்று மாமியார் உள்ளிருந்தே சத்தம் போட்டார். எந்தப் பேச்சுக்குப் பயந்தாரோ அதைத் தன் தலையிலேயே வாங்கிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமைத் தராசு மட்டும் தொடர்ந்தது. என் வீட்டுக்காரர் எண்ணைச் சொல்ல மாட்டார். "ரெண்டு கிலோ வெல்லம் போயிருச்சு" என்பார். சில வாரம் கழித்து, "மொத்தமா அஞ்சு கிலோ புளி" என்பார். அரை இருட்டில், புளியும் வத்தலும் மணக்கிற அந்தக் கடையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் நின்ற அந்த நேரங்கள்தான் எங்கள் கல்யாண வாழ்க்கையிலேயே எனக்கு அதிகம் பிடித்தவை. இப்போது அவரும் இல்லை, அந்தக் கடையும் இல்லை.

ஒரு வருஷம் கழித்து, இருபது கிலோ இறங்கியதும், ஆபரேஷன் நடந்தது. இருமல் வந்தால் வயிற்றில் தலையணையை அணைத்துக்கொண்டு இருமச் சொன்னார்கள். தையல் பிடித்தது. அதற்குப் பிறகு ஒரு தை மாதம், கல்யாணப் பந்திகளில் தளர்ந்துபோய்க் கொஞ்சம் ஏறினேன். மாமியார் கண்ணாலேயே கண்டுபிடித்துவிட்டார். மறுபடி பலகை, மறுபடி இரண்டு கரண்டி.

எழுபதுகளின் கடைசியில் என் மூத்த மகளைப் பெண் பார்க்க விருதுநகரிலிருந்து வந்தார்கள். பஸ் தாமதமாகி, பேச்சு தொடங்கவே பதினொன்றரை ஆகிவிட்டது. கூடத்தில் ஆண்கள் மழையைப் பற்றியும் வத்தல் விலையைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள். மாமியார் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எல்லோருக்கும் கேட்கும்படி, "பாக்கியம், நேரமாச்சு. நீ போய்ச் சாப்பிட்டு வா" என்றார்.

எனக்குக் கால் வரவில்லை. "வந்தவுக இன்னும் சாப்பிடலையே" என்றார் மாப்பிள்ளையின் அம்மா மெதுவாக.

"அவ வயித்துல கத்தி வச்சிருக்கு. அதுக்காக மட்டும் இல்ல. எங்க வீட்டுல நேரமானா பொம்பளையும் சாப்பிட்டுருவா. பேத்தியும் அப்படித்தான் வளந்திருக்கா. உங்களுக்குச் சம்மதம்னா மேல பேசுவோம்" என்றார் மாமியார்.

சம்பந்தம் போயிற்று என்று நினைத்தேன். மகள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆனால் வயிறு தன் நேரத்தைச் சொல்லிவிட்டது, எனக்கு உண்மையாகவே பசித்தது. எழுந்து போய்ப் பலகையில் உட்கார்ந்தேன். இரண்டாவது வாய் எடுக்கும்போது அடுப்படி வாசலில் நிழல் ஆடியது. மாப்பிள்ளையின் அம்மா நின்றிருந்தார்.

"காலையில அஞ்சு மணிக்கு நீராகாரம் குடிச்சது. எனக்கும் ஒரு தட்டு போடச் சொல்லுங்க" என்றார்.

என் மகள் போட்டாள். இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிட்டோம். கூடத்தில் ஆண்கள் இன்னும் மழையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.