ஒரே காம்பராக்காரிகள்

போன மாதம் பதுளையில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு ஒரு பயிற்சிப் பட்டறை. யாழ்ப்பாணத்து மிஸ் ஒருவர் ‘கெமராடரி’ என்ற ஆங்கிலச் சொல்லைக் கரும்பலகையில் எழுதினார்.

“அறைக்கு ஸ்பானிய மொழியில கமரா. ஒரே அறையில படுத்தெழும்பின ஆக்களுக்கு இடையில வாற நம்பிக்கைதான் இது. உங்கட லயத்துக் காம்பராவும் அதே வேர்ச்சொல்தான், போர்த்துக்கீசர் விட்டுட்டுப் போனது.”

எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரே காம்பராவில் படுத்தால் நம்பிக்கை வந்துவிடுமா? ராசாத்தி குடும்பமும் என் குடும்பமும் லயத்து வரிசை வீட்டில் நடுவில் பலகை அடித்து ஒரே காம்பராவில்தான் இருக்கிறோம். குழாயடிச் சண்டையில் இரண்டு வருடம் பேச்சே இல்லை.

அந்தப் பேச்சில்லாத காலத்தில்தான் ராசாத்தி வயிற்று ஆப்பரேஷன் முடிந்து ஆறாம் நம்பர் மலைக்கு வேலைக்கு வந்தாள். அவள் பறிக்கும் கொழுந்து குறைந்துகொண்டே போனது. இன்னொரு நாள் குறைந்தால் தோட்டத்து வேலைப் பதிவில் பெயரை வெட்டுவேன் என்றார் புது பீல்ட் ஒபிசர். பெயர் போனால் தோட்டம் தந்த காம்பராவும் போகும். மூன்று பிள்ளைகளோடு எங்கே போவாள்?

தன் தேயிலை நிரையை முடித்தவள் பின்தங்கியவளுக்குப் பறித்துக் கொடுப்பது எங்கள் மலையில் வழக்கம். மறுநாள் எல்லோரும் அவள் கூடையில் பிடிபிடியாகப் போட்டோம். நானும் போட்டேன், முகத்தைத் திருப்பிக்கொண்டுதான். ஒபிசர் பார்த்துவிட்டார்.

எங்களைத் தராசடியில் நிறுத்தி வைத்தார். “இது களவு. யாரு யாரு போட்டீங்க? சொல்றவங்களுக்கு ஒண்ணும் இல்ல.”

யாரும் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. எனக்கு ஆத்திரம் பொங்கியது. என் கூடையைத் தரையில் விரித்திருந்த படங்குச் சாக்கில் கவிழ்த்தேன். அடுத்தவளும் கவிழ்த்தாள். பதினெட்டுப் பேரின் கொழுந்தும் ஒரே குவியல்.

“ஐயா, இதுல ராசாத்தி கொழுந்து எதுன்னு பொறுக்கி எடுங்க. அப்புறம் பேர வெட்டுங்க,” என்றேன்.

கொழுந்து குவிந்து கிடந்தால் சூடேறிக் கெட்டுவிடும். லொறிக்காரர் ஹோர்ன் அடித்துக்கொண்டே இருந்தார். ஒபிசர் ராசாத்தியைப் பார்த்தார், குவியலைப் பார்த்தார்.

“சரி, இன்னைக்கு மட்டும் மொத்த எடையச் சமமாப் பிரிச்சுப் போடுறேன்.”

“அவ ஒடம்பு தேறுற வரைக்கும் இப்பிடித்தாங்க கொட்டுவோம்.”

கொட்டவும் செய்தோம்.

முதல் நாள் கொட்டிய அன்று ராத்திரி பலகைக்கு அந்தப் பக்கமிருந்து ராசாத்தி கேட்டாள்: “ஒன்ட்ட நான் கேட்டேனா?”

“கேக்கல.”

“அப்புறம் ஏன்டி போட்ட?”

“நீ வெளிய போயிட்டா நான் யாரோட சண்ட போடுறது?”

புதிதாகப் பேர் பதியும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: பக்கத்து நிரைக்காரியைப் பிடிக்க வேண்டும் என்றில்லை. அவளைக் காட்டிக்கொடுக்கச் சொன்னால் கொடுக்காதீர்கள், அது போதும். குழாய்ச் சண்டை இன்னும் தீரவில்லை. ராசாத்தி இன்றும் பலகைக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறாள்.