ஈர உப்பும் காய்ந்த உப்பும்

மரக்காணத்தில் ஓர் உப்பள முதலாளி வீட்டுக்குப் புது டிவி மாட்டப் போனபோதுதான் அந்த அம்மாவைப் பார்த்தேன். உப்பு வாருகிறவர். வெயிலில் கறுத்த முகம், முழங்கால்வரை உப்புப் பூத்த கால்கள். வாசலில் நின்று பேசும்போதும், அளத்துப் பக்கம் திரும்பினால் போதும், கண்கூசி வலது கை தானாக நெற்றிக்கு ஏறிவிடும்.

அன்று காலை முதலாளி அளத்து உப்புக் குவியலை எடுத்திருந்த, கண்கூசும் வெளிச்சத்தையும் உள்ளபடி காட்டக்கூடிய ஹெச்.டி.ஆர். வீடியோவைப் பிளேயரில் போட்டுக் காட்டினேன். அவர் சொக்கிப்போனார். அந்த அம்மா மட்டும், "இது நம்ம உப்பு இல்லீங்க" என்றார்.

"ஏம்மா, உனக்கு டிவியப் பத்தி இன்னா தெரியும்?" என்றார் முதலாளி.

"டிவி தெரியாதுங்க. உப்பு தெரியும். மேல கொட்டுனது நேத்து வாருனது, ஈரம். கீழ இருக்குறது காஞ்சது. ரெண்டும் ஒரே வெள்ளையாவா இருக்கும்?"

"படமே அப்படித்தாம்மா" என்றேன் நான்.

"நான் ஒத்துக்க மாட்டேன்."

அவர் நகரவில்லை. எரிச்சலோடு செட்டிங்கைத் திறந்தேன். தவறு என்னுடையதுதான். பழைய சாதாரண டிவிக்கு ஏற்றபடி பிளேயரே வெளிச்சத்தை நசுக்கி அனுப்பிக்கொண்டிருந்தது. உள்ளதை உள்ளபடி அனுப்ப வைத்து, தன் திறனுக்கேற்பக் குறைத்துக்கொள்ளும் வேலையை டிவியிடமே விட்டேன். குவியல் இரண்டு வெள்ளையாகப் பிரிந்தது. காய்ந்த உப்பு பளீரென்று மின்னியது.

கூடத்து நடுவில் நின்ற அந்த அம்மாவின் வலது கை நெற்றிக்கு ஏறியிருந்தது.

பதினைந்து வருடமாக டிவி மாட்டுகிறேன். முதலில் ஓடிய படத்துக்கு அந்தக் கை ஏறவே இல்லை. அதை நான் கவனிக்கவும் இல்லை.